ஒன்பதாவது குடம்

பிப்ரவரி 3, திங்கள்

இன்று நான் தலைவி ஆகிவிட்டேன். தலைவி என்றால் டைரி எழுத வேண்டும். அதனால் ஆரம்பிக்கிறேன்.

டைரி உரக்கடை மாமா கொடுத்தது. முதல் எட்டுப் பக்கத்தில் அம்மா கோலப்புள்ளி வைத்திருக்கிறாள். அதைக் கிழிக்கக் கூடாதாம். அதனால் ஒன்பதாம் பக்கத்திலிருந்து என் ஆட்சி.

ஜெசிந்தா டீச்சர் எங்கள் ஐந்தாம் வகுப்பைச் சேவைக் குழுக்களாகப் பிரித்தார்கள். மரக்கன்று வைக்க ஒரு குழு, குப்பை பொறுக்க ஒரு குழு, பால்வாடிப் பிள்ளைகளுக்குக் கை கழுவக் கற்றுக்கொடுக்க ஒரு குழு. எங்களுடையது நீர்க் காவல் குழு. எங்கே தண்ணீர் வீணானாலும் கண்டுபிடித்து நிறுத்த வேண்டும். நான், நஸ்ரின், கபிலேஷ். நான்தான் தலைவி. அது நியாயம்தான், ஏனென்றால் எங்கள் செவ்வல்குடிக்குத் தண்ணீர் விடுகிற டேங்க் ஆபரேட்டர் என் அப்பா. காலை ஆறு மணிக்கு அவர் வால்வைத் திறந்தால்தான் தெருக்குழாயில் தண்ணீர் வரும். வீட்டுக்கு எட்டுக் குடம். அதற்கு மேல் ஒரு சொம்பு பிடித்தாலும் அப்பா முறைப்பார்.

சோலைமணி என்னிடம் வந்து, "என்னையும் சேத்துக்கிறியா?" என்று கேட்டாள். குழு நிறைந்துவிட்டது என்றேன். அவள் தீபாவளிக்குப் பிறகு புதிதாக வந்து சேர்ந்தவள். ஊருக்குத் தெற்கே மெயின் ரோட்டுப் பக்கம் கருவேலங்காட்டில் கரிமூட்டம் போடுகிறார்கள் அவள் வீட்டில். நகக்கண்ணில் எப்போதும் கரி இருக்கும். அவள் தொட்ட நோட்டில் விரல் அச்சு விழும்.

டீச்சர் அவளையும் எங்கள் குழுவில் போட்டுவிட்டார்கள். எனக்கு ஒன்றும் கோபம் இல்லை.

பிப்ரவரி 5, புதன்

பள்ளிக்கூடக் குழாயடியில் காவல் நின்றோம். சரியாக மூடாதவர்கள் பெயரைக் கபிலேஷ் எழுதினான். பதினொரு பெயர் எழுதியதில் நான்கு அவன் பெயர்.

வீட்டிலும் நானே மேற்பார்வை பார்த்தேன். பாத்திரம் கழுவுகிற தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாமே என்றேன். "அப்ப நீயே கழுவி நீயே ஊத்து, தலைவியம்மா" என்று அம்மா எழுந்து போய்விட்டாள். நான்தான் கழுவினேன்.

பிப்ரவரி 8, சனி

இன்று பெரிய கண்டுபிடிப்பு.

ஊரைச் சுற்றி ஒழுகுகிற இடத்தையெல்லாம் கணக்கெடுக்கக் கிளம்பினோம். மேலத்தெருவில் ஒன்று, கோயில் பக்கம் ஒன்று. இரண்டும் சொட்டுச் சொட்டாகத்தான். தெற்கு ரோட்டுப் பக்கம் போகலாம் என்றேன். சோலைமணி மட்டும், "அங்கிட்டு என்ன இருக்கு? முள்ளுதான் கெடக்கு" என்றாள். வெயிலுக்குப் பயந்து சொல்கிறாள் என்று நினைத்தேன். தலைவி சொன்னால் கேட்க வேண்டும் என்று சொல்லி அழைத்துப் போனேன்.

அங்கேதான் அது இருந்தது. ஊருக்கு வருகிற மெயின் பைப்பின் வால்வு, ரோட்டோரம் ஒரு சிமெண்டுத் தொட்டிக்குள். நட்டுப் பக்கமாக நூல் மாதிரி இல்லை, விரல் தடிமனுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தது. தொட்டியைச் சுற்றி யாரோ பலகைக்கல் போட்டு, வழுக்காமல் இருக்க மணலும் தூவியிருந்தார்கள். பக்கத்தில் முள்ளில் ஒரு வெட்டிய டப்பா தொங்கியது. காட்டில் இவ்வளவு சுத்தமான இடம் எதற்கென்று தெரியவில்லை.

கையோடு கொண்டுபோன குடம் நிறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளக்கச் சொன்னேன். நஸ்ரினிடம்தான் வாட்ச். அவள் பார்ப்பதற்குள் சோலைமணி சொன்னாள், "நாலு நிமிசம். ராத்திரியில கொஞ்சம் வெரசா நெறையும்."

அளந்து பார்த்தோம். சரியாக நாலு நிமிடம். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, "சும்மாதான்" என்றாள். எனக்குக் கொஞ்சம் எரிச்சலாக இருந்தது. தலைவிக்கு முன்னால் விடை சொல்லக் கூடாது என்பது தெரிய வேண்டாமா?

மணிக்குப் பதினைந்து குடம். மெயின் பைப்பில் இரவும் பகலும் தண்ணீர் ஓடும். ஒரு நாளைக்கு முந்நூற்று அறுபது குடம்! வீட்டுக்கு வந்து மூன்று தடவை பெருக்கிப் பார்த்தேன். அதேதான் வருகிறது.

பிப்ரவரி 9, ஞாயிறு

அப்பாவிடம் சொன்னேன். "அது சின்ன ஒழுகல்தாம்மா. விட்டுத் தள்ளு" என்றார்.

முந்நூற்று அறுபது குடம் சின்ன ஒழுகலா? அப்பாவுக்குச் சோம்பல். இதை எழுதக் கூடாதுதான், ஆனால் டைரியில் உண்மையைத்தான் எழுத வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார்கள்.

பிப்ரவரி 10, திங்கள்

டீச்சரிடம் சொன்னேன். டீச்சருக்குக் கண் பெரிதாகிவிட்டது. "எழுது மனுவை" என்றார்கள். நான் எழுதினேன். "பல மாதங்களாக யாரும் கவனிக்காமல், யாருக்கும் பயன்படாமல் வீணாகும் குடிநீரை" என்பது என் சொந்த வாக்கியம். டீச்சர் அதில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை.

நான்கு பேரும் கையெழுத்துப் போட்டோம். சோலைமணி கடைசியாகப் போட்டாள். மனுவை முழுதாக ஒரு தடவை படித்தாள், பிறகு பேனாவைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள். அவளுக்குக் கையெழுத்து சரியாக வராது போல. "போடுடி, மணி அடிக்கப் போகுது" என்றேன். போட்டாள்.

டீச்சரே பஸ் ஏறிப் போய் மனுவைக் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

பிப்ரவரி 18, செவ்வாய்

வெற்றி!

வெள்ளை ஜீப்பில் இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். கூடவே பத்திரிகைக்காரர் ஒருவர். எங்கள் நான்கு பேரையும் டீச்சர் வால்வுத் தொட்டிக்கு அழைத்துப் போனார்கள். கண்ணாடி போட்ட அதிகாரி, "யாரும்மா தலைவி?" என்று கேட்டுவிட்டு எனக்குக் கை கொடுத்தார். ஹெச்.எம். சார் இதுவரை என்னிடம் பேசியதே இல்லை. இன்று "எங்க தமயந்தி" என்றார்.

பைப்பைச் சரிசெய்ய வந்தது அப்பாதான். வேறு யார் வருவார்கள்? பெரிய ஸ்பானரை எடுத்துக்கொண்டு தொட்டிக்குள் இறங்கினார். பத்திரிகைக்காரர் எங்களை வரிசையாக நிற்கச் சொன்னார். நட்டைத் திருகுவதற்கு முன்னால் நிமிர்ந்து பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. சோலைமணியைப் பார்த்து, "மூடிறவா, ஆத்தா?" என்று கேட்டார்.

அவள் சரி என்று தலையை ஆட்டினாள்.

தலைவி நான் நிற்கும்போது அவளை ஏன் கேட்டார் என்று தெரியவில்லை. புதுப் பிள்ளை என்பதால் இருக்கும். அப்பாவுக்கு இளகின மனசு.

தண்ணீர் நின்றது. எல்லோரும் கைதட்டினோம். போட்டோ எடுத்தார்கள்.

பிப்ரவரி 19, புதன்

பேப்பரில் வந்துவிட்டது! "நாள்தோறும் 360 குடம் நீரைக் காத்த சிறுமியர்" என்று போட்டிருக்கிறார்கள். கபிலேஷ் தான் சிறுமி இல்லை என்று அழுதான். அம்மா கேசரி செய்தாள். அப்பா சாப்பிடவில்லை, வயிறு சரியில்லையாம்.

அப்பாவுக்கு ஆபீஸிலிருந்து ஒரு காகிதம் வந்திருக்கிறது. இவ்வளவு நாள் ஏன் சரிசெய்யவில்லை என்று மூன்று நாளில் விளக்கம் எழுத வேண்டுமாம். இனிமேல் அந்த வால்வு ஒழுகினால் வேலை இல்லை என்றும் எழுதியிருக்கிறதாம். அம்மாதான் படித்துச் சொன்னாள். அப்பா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மனுவில் நான் அப்பா பெயரை எழுதவே இல்லை.

பிப்ரவரி 21, வெள்ளி

இன்றிலிருந்து வீட்டுக்கு ஒன்பது குடம்! மிச்சமான தண்ணீர் டேங்குக்கு வருகிறது அல்லவா? குழாயடியில் எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அன்னக்கிளிப் பெரியம்மா என் கன்னத்தைக் கிள்ளி, "ஒம் புண்ணியத்துல ஒரு கொடம் கூட வந்துருக்கு" என்றார். கன்னம் இன்னும் வலிக்கிறது. நன்றாக இருக்கிறது.

பிப்ரவரி 25, செவ்வாய்

சோலைமணி பத்து மணிக்கு மேல் வந்தாள். நேற்றும் அப்படித்தான். கணக்குப் பாடத்தில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள். நம் குழுவின் பெயர் கெட்டுப்போகும் என்று அவளிடம் கண்டிப்பாகச் சொன்னேன். "சரி" என்றாள். அவள் எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் சொல்வாள்.

பிப்ரவரி 27, வியாழன்

சோலைமணி வரவில்லை.

பிப்ரவரி 28, வெள்ளி

வரவில்லை.

மார்ச் 3, திங்கள்

காலை வழிபாட்டில் ஹெச்.எம். சார் அறிவித்தார். வருகிற 14ஆம் தேதி யூனியன் ஆபீஸில் விழா. சிறந்த சேவைக் குழு என்று எங்களுக்குச் சான்றிதழும் கேடயமும். நான் மூன்று நிமிடம் பேச வேண்டும்!

நான்கு பேரும் மேடையில் நிற்க வேண்டும். ஆனால் சோலைமணி இன்றும் இல்லை. "அவளுக்குப் பதிலா என் தம்பியை நிறுத்தலாம்" என்றான் கபிலேஷ். அவன் தம்பி ஒன்றாம் வகுப்பு. மேடையில் மூக்கை நோண்டுவான். முடியாது என்று சொல்லிவிட்டேன்.

டீச்சர் வேறு ஒன்று சொன்னார்கள். இப்படியே வராமல் இருந்தால் முழுப் பரீட்சை எழுத மாட்டாள், ஆறாம் வகுப்புக்கும் போக மாட்டாள் என்று. கரிமூட்டம் போடுகிற பிள்ளைகள் பாதியில் நின்றால் அப்புறம் எந்தப் பள்ளிக்கூடத்திலும் சேர்வதில்லையாம்.

மார்ச் 5, புதன்

பள்ளிக்கூடம் விட்டதும் நானும் நஸ்ரினும் சோலைமணியைக் கூப்பிடப் போனோம். நஸ்ரின் நோன்பு. தண்ணீர் குடிக்காமல் அவ்வளவு தூரம் வருவாளா என்று யோசித்தேன். வந்தாள்.

வால்வுத் தொட்டியைத் தாண்டி நூறு அடி. கருவேலங்காட்டுக்குள் ஒரு பனையோலைக் குடிசை. பக்கத்தில் நெற்குதிர் உயரத்துக்கு மண் மேடு, மேலெல்லாம் புகை. அதுதான் மூட்டமாம். கருவேல விறகை அடுக்கி, வைக்கோல் போட்டு, ஈரமண்ணால் மூடி, உள்ளே நெருப்பு வைத்துவிடுவார்கள். பத்துப் பன்னிரண்டு நாள் உள்ளேயே வேக வேண்டும். சோலைமணி கையில் ஒரு கரண்டியும் மண்சட்டியும் வைத்துக்கொண்டு அதைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தாள்.

"கிட்ட வராதீக. சுடும்" என்றாள்.

பள்ளிக்கூடத்துக்கு ஏன் வரவில்லை என்று கேட்டேன். அவள் பதில் சொல்வதற்குள் மேட்டில் ஒரு இடம் பிளந்து புகை வேகமாக வந்தது. ஓடிப்போய் ஈரமண்ணை அப்பினாள். வெடிப்பு வழியாகக் காற்றுப் போனால் உள்ளே தீ பிடித்து எல்லாம் சாம்பலாகிவிடுமாம். பத்து நாள் உழைப்பும் போய்விடும். அதனால் யாராவது ஒரு ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அவள் அப்பா விறகு வெட்டப் போய்விடுவார். அவள் அம்மா பார்த்துக்கொள்வார். இப்போது அம்மா இல்லை.

"எங்கே?"

"தண்ணிக்கிப் போயிருக்காக. ஆலங்காட்டு ஊருணிக்கு. காலையில ஒருக்க, மத்தியானம் ஒருக்க."

ஆலங்காட்டு ஊருணி நாலு கிலோமீட்டர்.

"முன்னாடி தண்ணிக்கு எங்கடி போவீங்க?" என்று நஸ்ரின் கேட்டாள். நான் கேட்கவில்லை. எனக்கு அதற்குள் தெரிந்துவிட்டது. அந்தப் பலகைக்கல், மணல், முள்ளில் தொங்கிய டப்பா, நாலு நிமிடம். எவ்வளவு பெரிய மக்கு நான்!

சோலைமணி கையை நீட்டி ரோட்டுப் பக்கம் காட்டினாள்.

அப்போது அவள் அம்மா வந்தார். நாலு குடம் வைத்த தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு, முந்தானையெல்லாம் நனைந்து. எங்களைப் பார்த்ததும் சிரித்தார். "வாங்கத்தா, சோலமணி கூட்டாளிகளா?" என்று சொல்லிக்கொண்டே ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்து என்னிடம் நீட்டினார். நஸ்ரின் நோன்பு என்று சொல்லித் தப்பித்துவிட்டாள். நான் என்ன சொல்வது? வாங்கிக் குடித்தேன். அவ்வளவு தூரத்திலிருந்து வந்த தண்ணீர். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

சோலைமணியிடம் வேறு எதுவும் கேட்கவில்லை. நேரமாகிவிட்டது.

மார்ச் 6, வியாழன்

காலை ஐந்தரைக்கே எழுந்து அப்பாவோடு டேங்குக்குப் போனேன். அப்பா வால்வைத் திறந்து முடித்ததும், "உங்களுக்குத் தெரியுமாப்பா?" என்று கேட்டேன்.

எதைக் கேட்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. "தெரியும்" என்றார்.

"அப்ப ஏன் சரி பண்ணாம விட்டீங்க?"

"விட்டது இல்லம்மா. நட்டை ஒரு சுத்து தளத்துனதே நாந்தான்."

தீபாவளி முடிந்து அவர்கள் வந்தபோது குடிக்கத் தண்ணீர் கேட்டு ஊருக்குள் வந்தார்களாம். வீட்டு நம்பர் இல்லாதவர்களுக்குத் தெருக்குழாயில் முறை கிடையாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து அப்பா தெற்கே போய் நட்டைத் தளர்த்திவிட்டு வந்திருக்கிறார். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"ஒங்கிட்டயா? நீ பேப்பர்ல போட்டுருவியே" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் சிரிக்கவில்லை. நான்தான் அவருக்குக் காகிதம் வர வைத்தேன். இப்போது அந்த நட்டைத் தொட்டால் அவர் வேலை போய்விடும். தொடாவிட்டால் சோலைமணி வர மாட்டாள்.

மார்ச் 7, வெள்ளி

ஜெசிந்தா டீச்சரிடம் சொன்னேன். அப்பா நட்டைத் தளர்த்தியதை மட்டும் சொல்லவில்லை. டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்கள். "யாருக்கும் பயன்படாமல்னு நீ எழுதினதை நான்தானே சரின்னு டிக் போட்டேன்" என்றார்கள். இதற்கு முன் அவர்கள் கண் கலங்கி நான் பார்த்ததே இல்லை.

விழாவில் இதைப் பேசட்டுமா என்று கேட்டேன். "பேசு. ஆனா யாரையும் குத்தம் சொல்லாதே. குழாய் வேணும்னு மட்டும் கேளு" என்றார்கள்.

மார்ச் 14, வெள்ளி

விழா.

மேடையில் மூன்று பேர்தான் நின்றோம். கபிலேஷ் சட்டையில் பொத்தான் மாற்றிப் போட்டிருந்தான். கேடயம் கண்ணாடி மாதிரி இருக்கிறது, ஆனால் பிளாஸ்டிக்.

மைக் என் உயரத்துக்கு இறங்கவில்லை. அண்ணாந்து பேசினேன். "நாங்கள் முந்நூற்று அறுபது குடம் தண்ணீரைக் காப்பாற்றியதாகச் சொல்கிறார்கள். அதில் எட்டுக் குடம் எங்கள் வகுப்பு சோலைமணி வீட்டுத் தண்ணீர். எங்களுக்குத் தெரியாமல் அதை நிறுத்திவிட்டோம். அவள் இப்போது பள்ளிக்கூடம் வருவதில்லை. அங்கே ஒரு குழாய் போட்டுத் தர வேண்டும்." அவ்வளவுதான் பேசினேன்.

கொஞ்ச நேரம் யாரும் கைதட்டவில்லை. பிறகு கண்ணாடி போட்ட அதிகாரி மைக்கை வாங்கி, "இந்த வயதில் எவ்வளவு இரக்க குணம் பாருங்கள்!" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். "ஆவன செய்யப்படும்" என்றார். அதற்கும் கைதட்டினார்கள். அடுத்த பள்ளிக்கூடத்தைக் கூப்பிட்டார்கள், மரக்கன்றுக்காக.

இறங்கி வரும்போது டீச்சர் அவரிடம் போய்க் கேட்டார்கள். பஞ்சாயத்துத் தீர்மானம் வேண்டுமாம், எஸ்டிமேட் போட வேண்டுமாம், நாலைந்து மாதம் ஆகுமாம். நாலைந்து மாதத்தில் பரீட்சையே முடிந்துவிடும்.

பஸ்ஸில் நான் அழவில்லை. ஜன்னலோரம் தூசி.

மார்ச் 15, சனி

காலையில் கண் விழித்தபோது வாசலில் அப்பா எங்கள் பழைய தள்ளுவண்டியைக் கவிழ்த்துப் போட்டுச் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"வேலை போயிரும்ப்பா" என்றேன்.

"பைப்பைத் தொடக் கூடாதுன்னுதான் எழுதியிருக்கான். வண்டியைத் தொடக் கூடாதுன்னு எழுதலையே?"

வண்டி சரி, தண்ணீர்? யோசித்துக்கொண்டே குழாயடிக்குப் போனேன். அன்னக்கிளிப் பெரியம்மா ஒன்பதாவது குடத்தை நிரப்பி, அதிலிருந்தே காலைக் கழுவிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. போன மாதம் வரை இந்த ஒன்பதாவது குடம் எந்த வீட்டிலும் கிடையாது. அந்த வால்விலிருந்து வந்தது. அப்படியென்றால் இது யாருடைய தண்ணீர்?

நஸ்ரினையும் கபிலேஷையும் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனேன். "ஒன்பதாவது குடத்தைக் கொடுங்க" என்று கேட்டோம். முதல் வீடு என் வீடு. "நம்ம வீட்டுக்கே பத்தலை, இதுல தானம் வேறயா?" என்றாள் அம்மா. தானம் இல்லை, திருப்பிக் கொடுப்பது என்றேன். அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு நிறைந்த குடமாகப் பார்த்து அவளே தூக்கி வண்டியில் வைத்தாள். கபிலேஷ் வீட்டில் ஒரு குடம், நஸ்ரின் வீட்டில் இரண்டு குடம் கொடுத்தார்கள். நோன்பு மாதத்தில் தண்ணீர் கேட்டு வந்தால் இல்லை என்று சொல்ல மாட்டார்களாம்.

அன்னக்கிளிப் பெரியம்மாதான் விடவில்லை. "ஊருத் தண்ணி ஊருக்குத்தான். நாளைக்குக் கண்டவனும் வந்து நிப்பான்."

"பெரியம்மா, போன மாசம் இந்தக் கொடம் இல்லாமயே நீங்க கால் கழுவிட்டுத்தான இருந்தீங்க?" என்றான் கபிலேஷ்.

அவனை அடிக்கத் துரத்தினார். அவன் தெருவைச் சுற்றி ஓடினான், எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். அந்தச் சிரிப்பில் எதிர் வீட்டிலிருந்து ஒரு குடம் வந்தது, பக்கத்து வீட்டிலிருந்து ஒன்று. பெரியம்மா கடைசிவரை கொடுக்கவில்லை. மொத்தம் ஆறு குடம்.

மூன்று பேரும் தள்ளிக்கொண்டு போனோம். தெற்கு ரோட்டில் அந்தப் பத்திரிகைக்காரர் பைக்கை நிறுத்தி, "ஒரு போட்டோ எடுத்துக்கவாம்மா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். கபிலேஷுக்கு ரொம்ப வருத்தம்.

சோலைமணியின் அம்மா குடங்களைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "இதுக்கு நான் என்னத்தா செய்யிறது?" என்றார். திங்கட்கிழமை சோலைமணியை அனுப்புங்கள் என்றேன்.

மார்ச் 16, ஞாயிறு

எட்டுக் குடம். பெரியம்மா வீட்டு வாசலில் ஒரு குடம் நிறைந்து இருந்தது. அவர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார். எடுத்துக்கொண்டோம்.

மார்ச் 17, திங்கள்

சோலைமணி வந்துவிட்டாள்! ஒன்பதரை மணிக்கு, தலையில் எண்ணெய் வைத்து, பின்னல் போட்டு. டீச்சர் வருகைப் பதிவேட்டை மறுபடி எடுத்து அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். "உள்ளேன் டீச்சர்" என்று கத்தினாள். அவள் குரல் அவ்வளவு பெரிசு என்று யாருக்கும் தெரியாது.

காலை முறையில் நிரப்பி வைத்த குடங்களோடு சாயங்காலம் நாலு பேரும் வண்டியைத் தள்ளினோம். கபிலேஷும் நஸ்ரினும் முன்னால், நாங்கள் இரண்டு பேரும் பின்னால். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. கேட்டுவிட்டேன்.

"ஏண்டி அப்பவே சொல்லலை? மனு எழுதுறப்ப சொல்லலை, சரி. எங்கப்பா நட்டைத் திருகுறப்ப உன்னைத்தானே கேட்டாரு. வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

சாய்ந்திருந்த ஒரு குடத்தை நிமிர்த்தி வைத்தாள்.

"சொல்லணும்னுதான் நின்னேன். அதுக்குள்ள போட்டோக்காரரு எல்லாரையும் வரிசையா நிக்கச் சொன்னாருல்ல. நீ வந்து எங் கையப் புடிச்சு ஒம் பக்கத்துல நிக்க வச்ச. இந்த ஊருக்கு வந்து யாரும் எங் கையப் புடிச்சதில்ல. கரிக்கையின்னு வெலகிப் போவாக. சொன்னா நீ விட்டுருவியோன்னு இருந்துச்சு."

"அதுக்காகவா?"

"ம். ஊருணி தூரம்னு தெரியும். நடந்துக்கிறலாம்னு நெனச்சேன்."

வண்டியை வேகமாகத் தள்ளினேன். முன்னால் போனவர்கள் மெதுவாக என்று கத்தினார்கள்.

வீட்டுக்கு வந்து பிப்ரவரி 18ஆம் தேதிப் பக்கத்தைப் படித்தேன். ஜீப்பின் நிறம்கூட எழுதியிருக்கிறேன். கை பிடித்ததை எழுதவில்லை. அவள் தள்ளி நின்றாள், படம் நன்றாக வராதே என்று இழுத்து நிறுத்தினேன், அவ்வளவுதான். போட்டோ எடுத்து முடித்ததும் என் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டேன். இரண்டு தடவை. அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நினைத்தால் அழுகை வருகிறது.

அவள் அதைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இன்று அப்படிச் சொல்லியிருக்க மாட்டாள். பார்த்திருக்க மாட்டாள்.